கிளினிக் குளிசையும் ஊர் திரும்புதலும்
உடலை உலர்த்தும் மருந்துகளைப் பாதுகாப்பாகப் பாவித்தல்

ஊர் திரும்பும் நாளில் பாய், பாத்திரம், தகரம் எல்லாவற்றோடும் ஒரு சிறிய பொலித்தீன் பையும் வரும். அதற்குள் கிளினிக் கொப்பி, கடதாசி உறைகளில் குளிசைகள், பாதி முடிந்த பாணி மருந்துப் போத்தல் என்பன இருக்கும். முகாமில் இருந்தபோது கிளினிக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. குளிசை முடிந்தால் நடந்து போய் எடுக்கலாம். சந்தேகம் வந்தால் தாதியிடம் கேட்கலாம். ஊரில் அப்படி இல்லை. வைத்தியசாலை பல மைல் தூரத்தில் இருக்கும், பஸ் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ தான் ஓடும். வீடு துப்புரவாக்கும் வேலை, கிணறு இறைக்கும் வேலை, பதிவு வேலை என்று நாட்கள் ஓடிவிடும். அந்தச் சிறிய பையை மறந்துபோவது இந்த நேரத்தில்தான்.

அந்தப் பையில் இருக்கக்கூடிய ஒரு வகை மருந்தைப் பற்றியே இந்தப் பாடம் பேசுகிறது. வைத்தியர்கள் அவற்றை அன்டிகோலினேர்ஜிக் மருந்துகள் என்பார்கள். பெயர் கடினமானது. அவை செய்யும் வேலையை வைத்து 'உலர்த்தும் மருந்துகள்' என்று நாம் சொல்லிக்கொள்வோம். உளநல கிளினிக்குக்குப் போகிறவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், இழுப்பு உள்ளவர்கள், வயிற்று வலிக்காரர், வயோதிபர் என்று பலரிடம் இவை இருக்கின்றன. சரியாக எடுத்தால் இவை பெரும் உதவி. திடீரென நிறுத்தினாலும், அளவு கூடினாலும், வேறொருவரின் கைக்குப் போனாலும் ஆபத்து.

1. இந்த மருந்துகள் உடம்பில் என்ன செய்கின்றன?

நமது நரம்புகள் உடல் உறுப்புகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் பொருட்களில் ஒன்று அசெற்றில்கோலின். வாயில் எச்சில் ஊறச் சொல்வதும், தோலில் வியர்வை வரச் சொல்வதும், குடலை அசையச் சொல்வதும், சிறுநீர்ப்பையைச் சுருங்கச் சொல்வதும், கண்மணியைச் சுருக்கச் சொல்வதும் அதுதான். இதயம் அதிக வேகமாக அடிக்காமல் பார்த்துக்கொள்வதிலும், மூளையில் நினைவு, தெளிவு, தசைகளின் அசைவு ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

உலர்த்தும் மருந்துகள் இந்தச் செய்தியை மறித்துவிடுகின்றன. அதனால் எச்சில் குறையும், வியர்வை குறையும், குடலின் அசைவு மெதுவாகும், சிறுநீர்ப்பை தளரும், கண்மணி விரியும், இதயத் துடிப்பு கூடும். நோயாளிக்கு எது தேவையோ அந்த அளவுக்கு மட்டும் மறிப்பதுதான் வைத்தியரின் கணக்கு. குளிசையின் எண்ணிக்கையை நாமாகக் கூட்டிக் குறைக்கும்போது அந்தக் கணக்குப் பிழைத்துப் போகிறது.

2. உங்கள் பையில் இவற்றில் எது இருக்கிறது?

பென்செக்ஸோல்: உளநல மருந்துகளால் வரும் நடுக்கம், தசை இறுக்கம் ஆகியவற்றுக்குக் கொடுக்கப்படும் சிறிய குளிசை. சிலருக்கு பார்க்கின்சன் நோய்க்கும் கொடுக்கப்படும்.

ஒக்ஸிபியூட்டினின்: முள்ளந்தண்டுக் காயத்தின் பின் சிறுநீர்ப்பை தன்பாட்டில் இறுகாமல் இருக்கக் கொடுக்கப்படுவது.

ஹயோசின் பியூட்டைல்புரோமைட்: பஸ்கோபான் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். குடல் முறுக்கி வலிக்கும் வயிற்று வலிக்குக் கொடுக்கப்படும்.

இப்ராட்ரோபியம்: மூச்சுக்குழாயை விரிக்க, உள்ளிழுக்கும் மருந்தாக அல்லது வைத்தியசாலையில் ஆவி பிடிக்கும் மருந்தாகக் கொடுக்கப்படும்.

அத்ரோப்பின்: வைத்தியசாலையில் மட்டும் பாவிக்கப்படும் ஊசி மருந்து. பூச்சிமருந்து உடலுள் போனவரின் உயிரைக் காக்கவும், இதயத் துடிப்பு மிகவும் குறைந்தவருக்கும் ஏற்றப்படும். கண் கிளினிக்கில் கண்மணியை விரிக்க விடும் துளி மருந்துகளும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இவற்றைத் தவிர, வேறு நோய்க்கென்று கொடுக்கப்பட்டாலும் உலர்த்தும் குணத்தையும் உடைய மருந்துகள் சில உண்டு. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், உளநல மருந்தான குளோர்ப்ரோமசின், தடிமனுக்கும் சொறிக்கும் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின், வாந்திக்குக் கொடுக்கப்படும் ப்ரோமெதசின் என்பன அவற்றுள் முக்கியமானவை. கால் இழந்தவர்களுக்கு, இல்லாத காலில் எரிவும் வலியும் தெரிவதற்காக அமிட்ரிப்டிலின் கொடுக்கப்படுவதுண்டு.

உறையில் உள்ள பெயர் விளங்காவிட்டால் ஊகிக்க வேண்டாம். வைத்தியசாலையில் மருந்து எடுக்கும்போதே, 'இது எதற்கு, எத்தனை, எப்போது' என்று கேட்டு உறையின் மேல் தமிழில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். சிறிய வெள்ளைக் குளிசைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வெவ்வேறு குளிசைகளை ஒரே உறையில் ஒருபோதும் கொட்ட வேண்டாம்.

3. ஊசி போடுகிற பிள்ளைக்கு இன்னொரு குளிசை எதற்கு?

உளநல கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகனுக்கு மாதம் ஒரு தடவை ஊசி போடப்படுகிறது. வீட்டில் எடுப்பதற்குப் பென்செக்ஸோல் குளிசையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கு வந்து இரண்டு கிழமைக்குப் பின், அவனுடைய கழுத்து ஒரு பக்கமாக முறுக்குகிறது, கண்கள் மேலே செருகி நிற்கின்றன, நாக்கு வெளியே தள்ளுகிறது. பார்த்தவர்கள், 'பாழடைஞ்ச வளவுக்குள்ள போனவன், ஏதோ பட்டிட்டுது' என்கிறார்கள். தாய் நூல் கட்டுவிக்க ஓடுகிறாள். அடுத்த நாள் வைத்தியசாலையில் கேட்டபோதுதான் சொல்கிறாள்: 'வாய் காயுது எண்டு சொன்னவன் டொக்டர். ஊசிதானே முக்கியம் எண்டு குளிசையை நிப்பாட்டிப்போட்டன்.'

இங்கே நடந்தது இதுதான். ஹலோபெரிடோல், புளூபெனசின் போன்ற மருந்துகள் மனதின் குழப்பத்தைத் தணிக்கின்றன. ஆனால் சிலருக்குத் தசை இறுக்கம், கை நடுக்கம், முகம் உணர்ச்சியற்றுப் போதல், எச்சில் வடிதல், கழுத்து முறுக்குதல் ஆகியவற்றையும் கொண்டுவருகின்றன. பென்செக்ஸோல் அந்தத் தொல்லைகளைத் தடுக்கிறது. மாதாந்த ஊசி போட்ட பின் அந்த மருந்து பல கிழமைகள் உடம்பில் நின்று வேலை செய்யும். குளிசையோ ஒரு நாளுக்குள் கரைந்துவிடும். ஆகவே குளிசையை நிறுத்தினால், ஊசியின் தொல்லைகளைத் தடுக்க உடம்பில் எதுவும் இருக்காது.

கழுத்து முறுக்குவதும் கண் செருகுவதும் பேய் அல்ல. மருந்தின் விளைவு. வைத்தியசாலையில் ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே தசைகள் தளர்ந்துவிடும். கோயிலில் அர்ச்சனை செய்வது உங்கள் விருப்பம். ஆனால் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். நாக்கு, தொண்டைத் தசைகள் இறுகினால் மூச்சுக்கும் தடை வரலாம்.

ஊசி போடுகிற எல்லோருக்கும் பென்செக்ஸோல் தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டவருக்கும் அது வாழ்நாள் முழுவதும் வேண்டும் என்றில்லை. சில மாதங்களின் பின் வைத்தியர் அதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கக்கூடும். கிளினிக்குக்குப் போகும்போது, 'இந்தக் குளிசை இன்னும் தேவையா?' என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டுக் குறைப்பதும் தானாக நிறுத்துவதும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல வருடங்களாக உளநல மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு வாய் மெல்லுவதுபோல் தானாக அசையும், நாக்கு சுழலும். இதற்குப் பென்செக்ஸோல் உதவாது, சில வேளை கூட்டிவிடும். இதைக் கண்டால் குளிசையைக் கூட்டாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

4. நிறுத்துவதும் வேண்டாம், கூட்டுவதும் வேண்டாம்

ஒரு வேளை குளிசை தவறிவிட்டால், நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட்டு வழமைபோலத் தொடருங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டாம்.

பென்செக்ஸோலைப் பிந்திய இரவில் எடுத்தால் சிலருக்கு நித்திரை குழம்பும். எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிசை சிலருக்கு ஒருவித உற்சாகத்தைக் கொடுக்கும். அதனால் நோயில்லாத இளைஞர்கள் இதைக் கேட்டு வாங்கவும், விலைக்குக் கேட்கவும் கூடும். 'ஒன்று ரெண்டு தானே' என்று கொடுக்க வேண்டாம். அளவு கூடினால் இல்லாததைக் காண்பதும், பிதற்றுவதும், இதயம் படபடப்பதும் ஏற்படும். கொடுத்ததால் உங்கள் வீட்டு நோயாளிக்குக் குளிசை முடிந்துபோவது இரண்டாவது கேடு.

முள்ளந்தண்டில் காயப்பட்டு ஒக்ஸிபியூட்டினின் எடுப்பவர்களுக்கு: உங்களுக்கு வலி தெரியாமல் இருக்கலாம். மருந்தை நிறுத்தினால் சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் கூடி, அது மேலே திரும்பிச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அது நடக்கும்போது உங்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். மருந்து எடுத்தாலும் குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கும் நேரங்களைக் குறைக்க வேண்டாம். மலசலகூட வசதி இன்னும் அமையவில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையும் குறைக்க வேண்டாம். வசதி இல்லாவிட்டால் அதை மீள்குடியேற்ற உத்தியோகத்தரிடம் அல்லது கிராம அலுவலரிடம் முன்னுரிமைத் தேவையாகச் சொல்லுங்கள்.

5. சிறு தொல்லைகளும் வீட்டில் செய்யக்கூடியவையும்

வாய் உலர்தல்: அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். இனிப்பும் சீனிப் பானமும் வேண்டாம். எச்சில் குறைந்த வாயில் பல் விரைவில் பழுதாகும். இரண்டு நேரமும் பல் துலக்குங்கள். வாய் காய்கிறது என்று வெற்றிலை பாக்குப் போடுவது நல்லதல்ல. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் பென்செக்ஸோலுக்கு எதிர்மாறாக வேலை செய்யும். உளநல ஊசி போடுபவர்கள் அதிகம் பாக்குப் போட்டால் இறுக்கமும் நடுக்கமும் கூடக்கூடும். வெற்றிலைப் பழக்கம் இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

மலச்சிக்கல்: பப்பாசி, வாழைப்பழம், கீரை, தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு உதவும். நிவாரண உலருணவில் மரக்கறி குறைவு என்பதால் முற்றத்தில் முருங்கையும் பொன்னாங்காணியும் முதலில் நடுங்கள். மூன்று நாட்களுக்கு மேல் மலம் போகாமல் வயிறு ஊதினால் அல்லது வாந்தி வந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கண் மங்குதல், தலைச்சுற்று, தூக்கம்: இவை குறையும்வரை மோட்டார் சைக்கிள் ஓட்டுதல், மரம் ஏறுதல், கிணற்றுக் கட்டில் ஏறுதல், வாள் மற்றும் இயந்திர வேலை ஆகியவற்றைத் தவிர்க்கவும். படுக்கையிலிருந்து மெதுவாக எழும்புங்கள். சாராயமும் கள்ளும் தூக்கத்தையும் குழப்பத்தையும் கூட்டும்.

6. வெயிலில் துப்புரவு வேலை

இது மீள்குடியேறும் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய விடயம். வெயிலில் வேலை செய்யும்போது உடம்பின் சூட்டை வெளியேற்றுவது வியர்வை. இந்த மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன. உளநல மருந்துகள் சில, சூட்டைச் சமாளிக்கும் உடம்பின் திறனையும் குறைக்கின்றன. வன்னியின் பங்குனி, சித்திரை வெயிலில் நிழல் இல்லாத வளவில் நாள் முழுவதும் பற்றை வெட்டினால், வியர்க்காத உடம்பின் சூடு ஏறிக்கொண்டே போகும்.

இம்மருந்து எடுப்பவர்கள் காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் வெளிவேலை செய்யட்டும். தொப்பி அல்லது தலைப்பாகை, பருத்தி உடுப்பு, கையில் தண்ணீர்ப் போத்தல் வேண்டும். நடுப்பகலில் தகரக் கொட்டிலுக்குள் படுக்க வேண்டாம். அது வெளியைவிடச் சூடாக இருக்கும். மரநிழலில் பாயைப் போடுங்கள்.

தோல் சூடாகவும் உலர்ந்தும் இருந்து, கதை தடுமாறினால் அது களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பை ஈரத் துணியால் துடைத்து, விசிறி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். உளநல மருந்து எடுப்பவருக்குக் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தாலும் தாமதிக்க வேண்டாம். அது உயிராபத்தானது.

7. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

சிறுநீர் முட்டியும் வெளியேற முடியாமை.
கண் சிவந்து கடுமையாக வலித்தல், விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல்.
இதயம் மிக வேகமாக அடித்தல், மயக்கம்.
ஆட்களை அடையாளம் தெரியாமை, இல்லாததைக் கண்டு பேசுதல், காற்றில் எதையோ பிடிப்பதுபோல் கையை அசைத்தல்.
தோல் சிவந்து, சூடாகி, உலர்ந்து, கண்மணி பெரிதாக விரிந்திருத்தல்.
வலிப்பு.

குழப்பமடைந்தவரைத் தனியே விட வேண்டாம். முகாமில் நான்கு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். ஊரில் கட்டில்லாத கிணறுகளும், இன்னும் துப்புரவாக்கப்படாத வெடிபொருள் நிலங்களும் இருக்கலாம். அபாயப் பலகையும் சிவப்பு நாடாவும் தெளிவான மனதுக்குத்தான் எச்சரிக்கை. குழம்பிய மனதுக்கு அவை தெரியாது. ஒருவர் எப்போதும் அருகில் இருங்கள்.

கொண்டுபோகும்போது கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள எல்லாக் குளிசை உறைகளையும், வெறும் உறைகளைக்கூட, எடுத்துச் செல்லுங்கள். நினைவில்லாதவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து ஏற்றுங்கள். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். அம்புலன்ஸ் வரக்கூடிய இடமானால் அழையுங்கள். இல்லாவிட்டால், அயலில் யாரிடம் ஓட்டோ அல்லது லான்ட்மாஸ்டர் இருக்கிறது, இரவில் கூப்பிட்டால் வருவாரா என்பதை இன்றைக்கே கேட்டு வைத்திருங்கள்.

8. கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள்

வயோதிபர்: அம்மம்மா இரவில் எழும்பி, இறந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறாரா? பழைய வீட்டைத் தேடி நடக்கிறாரா? 'இடம்பெயர்ந்த துக்கம்' என்றோ 'வயது போட்டுது' என்றோ விட்டுவிடாதீர்கள். துக்கமாகவும் இருக்கலாம். ஆனால் நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், சொறிக்குக் குளோர்பெனிரமின், வயிற்றுக்குப் பஸ்கோபான் என்று மூன்று இடத்தில் எடுத்த மூன்று மருந்துகளும் சேர்ந்து ஒரே விளைவைக் கூட்டியிருக்கலாம். ஒவ்வொன்றும் தனியே சிறிது. மூன்றும் சேர்ந்தால் வயோதிபர் மூளைக்குப் பாரம். எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

வயது போன ஆண்கள்: சிறுநீர் மெல்லியதாக, விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இம்மருந்துகள் முழு அடைப்பை ஏற்படுத்தலாம். வெட்கப்படாமல் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கண் அழுத்த நோய், இதய நோய், பழைய குடல் அடைப்பு அல்லது வயிற்றுச் சத்திரசிகிச்சை உள்ளவர்கள்: இவற்றையும் சொல்லுங்கள். செல் காயத்துக்கு வயிறு கிழித்துத் தைத்தவர்கள் அந்தத் தழும்பைக் காட்ட மறக்க வேண்டாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்: கர்ப்பம் என்று தெரிந்தவுடன் குளிசையை எறிந்துவிட வேண்டாம். நோய் திரும்பினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. குடும்ப நல உத்தியோகத்தரிடமும் கிளினிக்கிலும் சொல்லுங்கள், அவர்கள் ஒழுங்கு செய்வார்கள்.

குழந்தைகள்: பெரியவரின் குளிசைகள் சில, ஒரு சிறு பிள்ளைக்கு நஞ்சு. மூடி இறுகும் தகர டின்னில் போட்டு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், அடுப்புச் சூடும் மழை ஒழுக்கும் படாத இடத்தில் வையுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் வயிற்றுக் குத்துக்குக் கடையில் மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வைத்தியர் சொல்லாமல் தடிமன் பாணியும் வேண்டாம்.

9. வளவில் முளைத்திருக்கும் ஊமத்தை

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவில் ஊமத்தை நன்றாக வளர்ந்திருக்கும். எக்காளம் போன்ற வெள்ளை அல்லது ஊதாப் பூவும் முள்ளுக்காயும் கொண்டது. மேலே சொன்ன அத்ரோப்பினும், அதோடு ஹயோசின் என்ற பொருளும் இந்தச் செடியிலேயே இருக்கின்றன. வைத்தியசாலையில் அளந்து ஏற்றும் மருந்து, செடியில் அளவில்லாமல் இருக்கிறது. இலை, பூ, வேர் எல்லாம் நஞ்சு. விதையில் அது செறிந்திருக்கிறது. ஒரு காய்க்குள் ஏராளமான விதைகள் உண்டு.

முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் செடியைத் தெரியாது. முள்ளுக்காய் அவர்களுக்கு விளையாட்டுப் பொருள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டி, 'இது தொடக்கூடாது' என்று சொல்லுங்கள். பின்னர் கையுறை அல்லது பை சுற்றிய கையால் வேரோடு பிடுங்கிப் புதையுங்கள். எரிக்க வேண்டாம். பிடுங்கிய கையால் கண்ணைத் தொட வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெடிபொருள் அகற்றியதாக உறுதிப்படுத்தாத நிலத்தில் எந்தச் செடியையும் பிடுங்கப் போக வேண்டாம்.

இழுப்புக்கு ஊமத்தை இலையைப் புகைப்பதும், அவித்துக் குடிப்பதும் நம்மவரிடையே பழைய வழக்கம். சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து அளவோடு சேர்ப்பது வேறு, வீட்டில் கைக்கணக்கில் செய்வது வேறு. ஊமத்தை உண்டவருக்கு அரை மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் 7ஆம் பகுதியில் சொன்ன அறிகுறிகள் தோன்றும். அவை ஒன்றிரண்டு நாட்கள் நீடிக்கலாம். வாந்தி எடுக்கச் செய்யவோ, மோர், தேசிக்காய்ப் புளி பருக்கவோ நேரத்தைச் செலவிடாமல், செடியின் ஒரு கிளையோடு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

10. பூச்சிமருந்தும் அத்ரோப்பினும்

வயல் தொடங்கும்போது பூச்சிமருந்தும் வீட்டுக்கு வருகிறது. சில பூச்சிமருந்துகள் உடலில் அசெற்றில்கோலினை அளவுக்கு மீறித் தேங்கச் செய்கின்றன. அப்போது நடப்பது உலர்வதற்கு நேர் எதிர்: எச்சில் வழியும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், வயிற்றோட்டம் போகும், நெஞ்சில் சளி நிறைந்து மூச்சுத் திணறும். அத்ரோப்பின் அந்த நஞ்சின் வேலையை மறித்து நெஞ்சை உலர்த்துகிறது. அதனால்தான் நேரத்தோடு வைத்தியசாலைக்கு வருபவர் பிழைக்கிறார்.

நஞ்சு பட்ட உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே கொண்டுபோங்கள். போத்தலையோ அதன் லேபலையோ எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள உலர்த்தும் குளிசையை மாற்று மருந்தாகக் கொடுக்க வேண்டாம். வார்டில் அத்ரோப்பின் ஏறும்போது நோயாளி வாய் உலர்ந்து, பிதற்றி, குழாய்களை இழுக்கக்கூடும். பயந்து சேலைனைக் கழற்ற வேண்டாம், தாதியைக் கூப்பிடுங்கள். மருந்தின் அளவை அவர்கள் மாற்றுவார்கள்.

எவராவது தானாக நஞ்சு குடித்திருந்தால் அதை மறைக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால்தான் சரியான மருந்து கிடைக்கும். பிழைத்து வீடு வந்தவரைக் குறை சொல்லாமல் அருகில் இருந்து, உளநல கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

11. புறப்படுமுன் செய்ய வேண்டியவை

கிளினிக்கில் ஊரின் பெயரைச் சொல்லி, அண்மைய வைத்தியசாலைக்கு மாற்றுக் கடிதம் கேளுங்கள்.
அடுத்த ஊசியின் திகதியைக் கொப்பியில் பெரிதாக எழுதுவியுங்கள்.
குறைந்தது ஒரு மாதத்துக்குரிய குளிசையைக் கேட்டு வாங்குங்கள்.
கொப்பியையும் குளிசையையும் லொறியில் ஏற்றும் மூட்டையில் போடாமல், உங்கள் கைப்பையில் கொண்டுவாருங்கள்.

வந்து சேர்ந்த பின்

குளிசை முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே புதிய கிளினிக்கில் பதியுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்ட வைத்தியசாலைகளில் உளநல சேவை உண்டு. உங்களுக்கு அருகில் எங்கே, எந்த நாளில் கிளினிக் நடக்கிறது என்பதைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

கொப்பி தொலைந்துவிட்டாலும் போங்கள். மிஞ்சியுள்ள குளிசையையும் உறையையும் காட்டினால் வைத்தியர் அறிந்துகொள்வார். ஒன்றுமே இல்லாவிட்டாலும், எந்த வைத்தியசாலையில், எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊசி போட்டீர்கள் என்பதைச் சொன்னால் போதும்.

வீட்டில் பேசிப் பார்க்க நான்கு கேள்விகள்

1. நம் வீட்டில் யார் யார் உலர்த்தும் மருந்து எடுக்கிறோம்?
2. குளிசை எங்கே இருக்கிறது? சின்னவனுக்கு எட்டுமா?
3. குளிசை எந்தத் திகதியில் முடிகிறது? அதற்கு முன் கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது?
4. இரவில் ஒருவருக்குக் குழப்பம் வந்தால் யாருடைய வாகனம் வரும்?

நான்கு கேள்விக்கும் விடை தெரிந்தால் இந்தப் பாடம் முடிந்தது. ஏதாவது ஒன்றுக்குத் தெரியாவிட்டால், இன்று பின்னேரம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடும்போது அதைப் பேசி முடியுங்கள். இந்தப் பக்கங்களைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வையுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.